படுத்துப் பார்த்து விளக்கு போடுங்கள்: படுக்கையறை வெளிச்சத்துக்கு ஒரு வழிகாட்டி

புது ஃப்ளாட்டில் பால் காய்ச்சிய அன்று இரவு, அலுப்போடு கட்டிலில் சாய்ந்தேன். நேர் மேலே, கூரையில் பதித்திருந்த இரண்டு டவுன்லைட்டுகள் கண்ணைக் குத்தின. ஃபால்ஸ் சீலிங் போட்டவர் அந்த ஒரு அறைக்கு மட்டும் எட்டு விளக்கு வைத்திருந்தார். வேலை முடிந்த அன்று எல்லாவற்றையும் எரியவிட்டுக் காட்டினார். வீட்டில் நாலு பேரும் அண்ணாந்து பார்த்து "சூப்பரா இருக்கு" என்றோம். நாலு பேரும் நின்றுகொண்டிருந்தோம். ஒருத்தருக்காவது படுத்துப் பார்க்கத் தோன்றியிருந்தால், பிறகு அந்த இரண்டையும் கழற்றி, ஓட்டையை அடைத்து, பட்டி வைத்து, பெயின்ட் அடித்த செலவு மிஞ்சியிருக்கும். விளக்கு வாங்கிய காசைவிட அது அதிகம்.

ஹாலில் உட்கார்ந்திருப்போம், சமையலறையில் நின்றுகொண்டிருப்போம். மல்லாந்து விட்டத்தைப் பார்த்துக் கிடப்பது படுக்கையறையில் மட்டும்தான். அதனால் மற்ற அறைகளில் நன்றாக இருக்கும் விளக்கு இங்கே தொந்தரவாகிவிடும். முதன்முறையாகப் படுக்கையறைக்கு விளக்கு போடுகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படிக்கலாம். உதாரணத்துக்கு என் அறையையே எடுத்துக்கொள்கிறேன்: 11 அடிக்கு 12 அடி, உயரம் 9.5 அடி, நடுவில் மின்விசிறி, ஒரு சுவர் முழுக்க வார்ட்ரோப், ஒரு ஜன்னல், ஒட்டினாற்போல் பாத்ரூம்.

கடைக்குப் போவதற்கு முன்

முதல் வேலை, கட்டில் எங்கே என்று முடிவு செய்வது. விளக்கு, சுவிட்ச், பிளக் எல்லாமே கட்டிலிலிருந்துதான் அளக்கப்படும். நம் வீடுகளில் இதில் ஒரு சிக்கல் உண்டு. வடக்கே தலை வைக்கக்கூடாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். நீங்கள் நம்புகிறீர்களா இல்லையா என்பது வேறு விஷயம். சுவரை வெட்டிப் பைப் பதித்த பிறகு அம்மா வந்து கட்டிலைத் திருப்பிப் போடச் சொன்னால், தலைமாட்டு விளக்குகள் கால்மாட்டுக்குப் போய்விடும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடும் முன் வீட்டில் கேட்டுவிடுங்கள்.

பிறகு சாக்பீஸ் எடுத்துத் தரையில் கட்டிலை வரையுங்கள். குயின் சைஸ் மெத்தை 60 அங்குலத்துக்கு 78, கிங் சைஸ் 72க்கு 78. வார்ட்ரோப் கதவு எதுவரை திறக்கும் என்பதையும் கோடு போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கட்டத்துக்குள் ஒரு பாயை விரித்து, ராத்திரி எட்டு மணிக்குமேல் படுத்துப் பாருங்கள். ஜன்னல் வழியே தெருவிளக்கு முகத்தில் விழுகிறதா, பாத்ரூம் கதவைத் திறந்தால் வெளிச்சம் எங்கே பாய்கிறது, ஏசியின் எண்கள் எவ்வளவு பளிச்சென்று தெரிகின்றன என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும்.

அடுத்து, அந்த அறையில் என்னவெல்லாம் நடக்கிறது என்று நேரம் போட்டு எழுதுங்கள். "தூக்கம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடாதீர்கள். காலை ஐந்தரைக்கு ஒருவர் எழுந்து புடவை கட்டுகிறார், மற்றவர் தூங்குகிறார். மாலையில் கொடியிலிருந்து எடுத்த துணிமூட்டையைக் கட்டிலில் கொட்டி மடிக்கிறோம். பிள்ளை அதே கட்டிலில் கவிழ்ந்து படுத்து ஹோம்வொர்க் எழுதுகிறது. பத்து மணிக்கு ஒருவர் புத்தகம் படிக்கிறார், மற்றவருக்கு வெளிச்சம் ஆகாது. ராத்திரி இரண்டு மணிக்கு யாராவது பாத்ரூம் போகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே வெளிச்சம் எந்த இடத்தில் வேண்டும், அந்த நேரம் பக்கத்தில் யார் தூங்குகிறார்கள் என்று குறியுங்கள். எத்தனை விளக்கு வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பட்டியலை எந்த இன்டீரியர்காரரும் தரமாட்டார்.

பெட்டியில் எழுதியிருப்பது

"எத்தனை வாட் சார்?" என்றுதான் கடைக்காரர் கேட்பார். குண்டு பல்பு காலத்துப் பழக்கம் அது. வாட் என்பது விளக்கு தின்னும் மின்சாரம். அது தரும் வெளிச்சத்தை லூமன் என்ற எண் சொல்லும். பழைய 60 வாட் குண்டு பல்பு கொடுத்த சுமார் 800 லூமனை இன்று 9 வாட் எல்இடி பல்பு கொடுத்துவிடும். பெட்டியில் லூமனே போடவில்லை என்றால் அந்தப் பெட்டியை அங்கேயே வைத்துவிடுங்கள்.

கணக்கு சுலபம். என் அறை 132 சதுர அடி, அதாவது 12 சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஒரு சதுர மீட்டரில் ஒரு லூமன் விழுந்தால் அது ஒரு லக்ஸ். பொதுவாகப் புழங்குவதற்கு 100 முதல் 150 லக்ஸ் போதும். அப்படியானால் 1,200 முதல் 1,800 லூமன். சுவரும் கூரையும் தூசியும் கொஞ்சம் விழுங்கும் என்று வைத்து 2,000 லூமனுக்கு மேல் கொஞ்சம் போட்டால் சரி. ட்யூப்லைட் மாதிரி நீளமாக இருக்கும் 20 வாட் எல்இடி பேட்டன் ஒன்றே ஒன்று தருவது கிட்டத்தட்ட அதுதான். என் தலைக்கு மேல் இருந்ததோ எட்டு 12 வாட் டவுன்லைட், ஒவ்வொன்றும் சுமார் 1,000 லூமன். நகைக்கடையில் படுத்திருந்த மாதிரி இருந்ததில் ஆச்சரியமில்லை. சுவர் கரும்பச்சை, கருநீலம் என்று அடர்ந்த நிறமாக இருந்தால் மட்டும் கணக்கைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். அது வெளிச்சத்தைக் குடித்துவிடும்.

பெட்டியில் அடுத்துப் பார்க்கவேண்டியது கெல்வின். 2700, 3000 என்றால் மஞ்சள் சாய்ந்த வெளிச்சம், வாம் ஒயிட். 4000 நடுத்தர வெள்ளை. 6500 என்றால் நீலம் சாய்ந்த வெள்ளை. 'கூல் டேலைட்' என்று பெட்டியில் இருக்கும், நம் வீட்டு ட்யூப்லைட்டுகளில் பெரும்பாலானவை இந்த ரகம்தான். எண் ஏற ஏற வெளிச்சம் கூடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது நிறத்தைத்தான் சொல்கிறது.

படுக்கையறையில் இந்த எண் ஏன் முக்கியம் என்பதற்குக் கொஞ்சம் பின்கதை இருக்கிறது. வெள்ளை எல்இடி என்று ஒன்று தனியாகக் கிடையாது. உள்ளே இருப்பது நீல எல்இடி. அதன்மேல் பாஸ்பர் என்ற, மஞ்சளாக ஒளிரும் பொடியைப் பூசி, இரண்டும் கலந்து வெள்ளையாகத் தெரியும்படி செய்கிறார்கள். அந்த நீல எல்இடியைச் சாத்தியமாக்கியதற்காகத்தான் 2014இல் அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் இயற்பியல் நோபல் கிடைத்தது. 6500 கெல்வின் விளக்கில் இந்த நீலத்தின் பங்கு அதிகம். நம் விழித்திரையிலோ, பார்ப்பதற்கான செல்கள் போக, மெலனாப்சின் என்ற நிறமி கொண்ட இன்னொரு வகைச் செல்களும் இருக்கின்றன. 2002 வாக்கில்தான் இது உறுதியாயிற்று. 480 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளி பட்டால் இவை மூளைக்கு "இன்னும் பகல்தான்" என்று சேதி அனுப்பும். உறக்கத்துக்கு ஆயத்தம் செய்யும் மெலடோனின் சுரப்பது தள்ளிப்போகும். ஆகவே ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு எரியப்போகும் எந்த விளக்கும் 3000 கெல்வினைத் தாண்டவேண்டாம் என்பது என் கட்சி. அதற்காக மஞ்சளாக இருந்தால் எவ்வளவு பளிச்சென்றும் எரிக்கலாம் என்று அர்த்தமில்லை. அளவும் குறையவேண்டும். மழை பெய்த மாலைகளில் ஈசல் கூட்டம் மஞ்சள் விளக்குக்குக் குறைவாக வருவது கூடுதல் லாபம்.

வீட்டில் எதிர்ப்பு வரும். "ஏன்டா இருட்டு மூஞ்சியா இருக்கு?" என்று என் அம்மாவும் கேட்டார். நாற்பது ஐம்பது வருடம் ட்யூப்லைட்டில் வாழ்ந்தவர்களுக்கு வெள்ளைதான் வெளிச்சம், மஞ்சள் என்றால் வோல்டேஜ் இல்லாத கரண்ட். சண்டை போடாதீர்கள். பெருக்க, தேட, பெட்டி கட்ட ஒரு 4000 கெல்வின் பேட்டனைத் தனி சுவிட்சில் வைத்துவிடுங்கள். மற்றதெல்லாம் வாம் ஒயிட்டாக இருக்கட்டும். ஒரே விளக்கில் சுவிட்சை அணைத்து அணைத்துப் போட்டால் மூன்று நிறமும் மாறி மாறி வரும் பேனல்களும் கிடைக்கின்றன. எனக்கு அவை அவ்வளவாகப் பிடிப்பதில்லை. அவசரத்துக்கு வேண்டிய நிறம் எப்போதும் மூன்றாவது தடவைதான் வரும்.

சிஆர்ஐ என்ற எண்ணும் பெட்டியில் இருக்கும். ஜவுளிக்கடையில் புடவையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்ப் பகல் வெளிச்சத்தில் பார்ப்போம் அல்லவா, அந்தப் பிரச்சினைக்குக் கொடுத்த எண் அது. வெயிலில் தெரிவதுபோல் நிறங்களைக் காட்டினால் 100. சாதாரண எல்இடி 80. பெரும்பாலான இடத்துக்கு அது போதும். வார்ட்ரோப், கண்ணாடி பக்கம் மட்டும் 90 கேட்டு வாங்குங்கள். சிஆர்ஐ என்பது எட்டு வெளிர் நிறங்களின் சராசரி, அடர்சிவப்பு அதில் சேராது. அதற்கு ஆர்9 என்று தனி எண். அது குறைவாக இருக்கும் விளக்கில் அரக்குப் பட்டு, காப்பித்தூள் நிறத்துக்குப் போய்விடும். ரவிக்கை மாற்றி எடுத்துவிட்டுக் கல்யாண மண்டபத்தில் போய்த்தான் கண்டுபிடிப்பீர்கள்.

கடையிலேயே இன்னொரு சோதனை. விளக்கை எரியவிட்டு மொபைல் கேமராவை ஸ்லோமோஷனில் வைத்துப் பாருங்கள். வெளிச்சம் படபடவென்று துடித்தாலோ கருப்புப் பட்டைகள் ஓடினாலோ உள்ளே இருக்கும் டிரைவர், அதாவது எல்இடிக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் பாகம், மட்டமானது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அப்படிப்பட்ட விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் சிலருக்கு அந்த வெளிச்சத்தில் படித்தால் தலைவலி வரும்.

கூரையில் குறைவாக

நம் ஊர் படுக்கையறையில் கூரையின் முதலாளி மின்விசிறிதான். விளக்கு அதற்கு வழிவிட்டு நிற்கவேண்டும். வழக்கமான ஃபேனின் வீச்சு 1200 மில்லிமீட்டர், நடுவிலிருந்து இறக்கை நுனிவரை 2 அடி. அந்த வட்டத்துக்கு மேலே ஒரு டவுன்லைட் இருந்தால், ஃபேன் ஓடும்போது வெளிச்சம் வெட்டி வெட்டி விழும். பத்து நிமிடம் அதன்கீழ் படுத்தால் தலை சுற்றும். ஆகவே ஃபேன் நடுவிலிருந்து குறைந்தது 3 அடி தள்ளித்தான் எந்த விளக்கும். கூரைப் படத்தில் விளக்குகளைச் சமதூரத்தில் சதுரமாக அடுக்கி எலக்ட்ரீஷியன் காட்டுவார். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அதில் பாதி, தலையணைக்கு மேலே வந்துவிடும்.

டவுன்லைட் வேண்டுமென்றால் வார்ட்ரோப்புக்கு முன்னால் இரண்டு, கால்மாட்டுப் பக்கம் ஒன்றோ இரண்டோ வையுங்கள். கட்டிலின் தலைமாட்டுப் பாதிக்கு மேல் ஒன்றும் வேண்டாம். விளக்கு, கூரையோடு சமமாக இல்லாமல் குழிக்குள் உள்ளடங்கி இருக்கும் ரகமாகப் பார்த்து வாங்குங்கள். சாய்ந்து பார்க்கிறவர் கண்ணுக்குப் பல்பு தெரியாது, தரையில் வெளிச்சம் மட்டும் தெரியும்.

கூரை ஓரத்தில் பள்ளம் விட்டு அதற்குள் நாடா மாதிரியான ஸ்ட்ரிப் லைட்டை ஒளித்துவைக்கும் கோவ் விளக்கு, படுத்திருப்பவருக்கு மிகவும் இதமானது. பல்பு தெரியாமல், கூரையில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் மட்டும் வரும். ஆனால் இதில்தான் ஏமாறவும் வாய்ப்பு அதிகம். மீட்டருக்கு 5 முதல் 7 வாட் போதும்; அதற்குமேல் போட்டால் கூரை மேடை மாதிரி ஆகிவிடும். 12 வோல்ட் ஸ்ட்ரிப் 5 மீட்டர் தாண்டினால் கடைசி முனை மங்கும், 24 வோல்ட் கேளுங்கள். அலுமினியப் பட்டிக்குள் பதித்தால் சூடு இறங்கி நெடுநாள் உழைக்கும். எல்லாவற்றையும்விட முக்கியம், டிரைவர் எங்கே இருக்கிறது என்பது. ஸ்ட்ரிப் நன்றாகவே இருக்கும், டிரைவர்தான் முதலில் போகும். அதைச் சீலிங்குக்குள் வைத்துப் பூசிவிட்டால், பிறகு மாற்ற ஜிப்சம் பலகையை அறுக்கவேண்டும். லாஃப்ட்டுக்குள், கை எட்டுகிற இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். நிறம் மாறும் ஸ்ட்ரிப்பைப் பற்றி: முதல் வாரம் பிள்ளைகள் ஊதா, பச்சை என்று மாற்றி மாற்றிப் போடுவார்கள், பிறகு ரிமோட் காணாமல் போகும். அதற்கு ஆகிற காசில் நல்ல வாம் ஒயிட் ஸ்ட்ரிப் வாங்கலாம்.

கோவ் பள்ளத்தில் தூசி சேரும், பல்லி குடித்தனம் பண்ணும். வருடத்துக்கு இரண்டு முறை ஏணி போடத் தயாராக இருங்கள்.

விளக்குக்காக மட்டும் ஃபால்ஸ் சீலிங் போடவேண்டியதில்லை. 9.5 அடிக் கூரையில் அது அரை அடியைத் தின்றுவிடும். ஃபேன் இறக்கை தரையிலிருந்து 7 அடிக்கு மேலேயே இருக்கவேண்டும் என்பதையும் பார்க்கவேண்டும். அதற்குப் பதில், வார்ட்ரோப்பின் தலையில் மேல்நோக்கி ஒரு ஸ்ட்ரிப்பைக் கிடத்துங்கள். கூரை வெள்ளையாக இருந்தால் அதே இதமான வெளிச்சம் கிடைத்துவிடும். லாஃப்ட் கூரைவரை போய்விட்ட வீட்டில் இது நடக்காது. அங்கே கட்டிலின் தலைப்பலகைக்குப் பின்னால் ஒட்டலாம்.

தலைமாட்டில்

ஒரே ஒரு விளக்குக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் அதைத் தலைமாட்டில் போடுங்கள். படுக்கையறையில் அதிகம் பயன்படப்போவது அதுதான்.

உயரத்தை டேப் வைத்து முடிவு செய்யவேண்டாம், ஆளை வைத்து முடிவு செய்யுங்கள். கட்டிலில் வழக்கமாகச் சாய்ந்து படிக்கிற மாதிரி சாய்ந்துகொள்ளுங்கள். கண் மட்டத்தைச் சுவரில் பென்சிலால் இன்னொருவர் குறிக்கட்டும். விளக்குக் கூண்டின் கீழ்விளிம்பு அந்தக் கோட்டை ஒட்டி வரவேண்டும். மெத்தை மட்டம் 20, 22 அங்குலமாக இருந்தால் கோடு பெரும்பாலும் தரையிலிருந்து 4 அடிக்குப் பக்கத்தில் விழும். அதைவிட உயர்த்தினால் சாய்ந்திருப்பவர் கண்ணில் பல்பு தெரியும். தாழ்த்தினால் உங்கள் தோளின் நிழல் புத்தகத்தின் மேல் விழும். பக்கவாட்டில், மெத்தையின் ஓரத்திலிருந்து 6 முதல் 8 அங்குலம் வெளியே தள்ளி வைத்தால், புரளும்போது கை இடிக்காது.

இருவர் படுக்கும் கட்டில் என்றால் இரண்டு விளக்கு, இரண்டு சுவிட்ச். இதில் சிக்கனம் பார்க்காதீர்கள். கூண்டு, பக்கவாட்டில் வெளிச்சம் கசியாததாக இருக்கட்டும். வெளிச்சம் மேலும் கீழும் போனால் போதும். நிறையப் படிப்பவருக்கு, வளைத்துத் திருப்பக்கூடிய கழுத்துள்ள 3 வாட் ரீடிங் லைட் இதைவிட நல்லது. அதன் வெளிச்சம் புத்தகத்தின் மேல் மட்டும் விழும், பக்கத்தில் தூங்குகிறவருக்கு ஒன்றும் தெரியாது. மேசைவிளக்கோ சுவர்விளக்கோ எதுவானாலும் 4, 5 வாட் பல்பு, 2700 கெல்வின், 400 லூமனை ஒட்டி இருந்தால் தாராளம்.

இணையத்துப் படங்களில் கட்டிலின் இரு பக்கமும் கயிற்றில் தொங்கும் விளக்கைப் பார்த்து ஆசைப்படாதவர் இல்லை. அந்தப் படங்களில் கூரையைக் கவனியுங்கள், ஃபேன் இருக்காது. நம் அறையில் ஐந்தில் ஃபேனை வைத்தால் விளக்கு ஊஞ்சலாடும், நிழலும் சுவரில் கூடவே ஆடும். தொங்கத்தான் வேண்டும் என்றால் கயிறில்லாமல் விறைப்பான கம்பியில் தொங்கும் ரகம் வாங்குங்கள்.

கண்ணாடிக்கு மேலே விளக்கு வைத்தால் கண்ணுக்குக் கீழும் மூக்குக்குக் கீழும் நிழல் விழுந்து, நன்றாகத் தூங்கி எழுந்தவரும் காய்ச்சல்காரர் மாதிரி தெரிவார். இரண்டு பக்கமும் முகத்தின் உயரத்தில் வையுங்கள். வார்ட்ரோப்புக்குள் கதவைத் திறந்தால் எரியும் ஸ்ட்ரிப்பை, அடுக்கின் பின்பக்கம் இல்லாமல், கதவை ஒட்டிய முன்விளிம்பில் உள்நோக்கி ஒட்டுங்கள். அது இருந்தால் ஐந்தரை மணிக்குப் புடவை எடுக்கிறவர் பெரிய விளக்கைப் போடவேண்டியதில்லை.

ராத்திரி விளக்கு

ஜீரோ வாட் பல்பு என்று ஒன்று நம் வீடுகளில் நீல நிறத்தில் எரியும். பெயர்தான் ஜீரோ. குண்டு பல்பு காலத்தில் அது 12, 15 வாட் வரை இழுத்துக்கொண்டிருந்தது. இன்று அரை வாட் எல்இடியில் அதே வேலை நடக்கும். நிறம் மட்டும் நீலம் வேண்டாம், மேலே சொன்ன மெலனாப்சின் சமாசாரம்தான். ஆம்பர் அல்லது சிவப்பு தேடி வாங்குங்கள்.

இடமும் மாறவேண்டும். சுவரின் உச்சியில் இருக்கும் ராத்திரி விளக்கு முகத்தைத்தான் காட்டும். நடப்பவருக்குத் தெரியவேண்டியது தரை. பாத்ரூம் போகிற வழியில், கணுக்கால் உயரத்தில், ஆள் நடமாட்டம் கண்டு எரியும் சென்சார் விளக்கு ஒன்று போதும். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இதைத்தான் முதலில் செய்யச் சொல்வேன். சென்சார் கட்டிலைப் பார்த்து இருக்கக்கூடாது. புரண்டு படுத்தாலே எரிந்துவிடும். கட்டிலுக்கடியில் வைத்தால் வெளியே பார்த்தபடி, காலைத் தரையில் ஊன்றினால் மட்டும் எரிவதுபோல் திருப்பிவையுங்கள்.

சுவிட்சும் வயரும்

நல்ல விளக்கு வாங்கிவிட்டு அணைக்க எழுந்து போகவேண்டியிருந்தால் என்ன பயன்? பெரிய விளக்குக்கும் ஃபேனுக்கும் டூ-வே சுவிட்ச் கேளுங்கள்: கதவு பக்கம் ஒன்று, தலைமாட்டில் ஒன்று. மாடிப்படிக்குப் போடுகிற அதே வயரிங்தான். தலைமாட்டுப் பெட்டி, படுத்தபடியே கை எட்டும் உயரத்தில், தரையிலிருந்து 2 முதல் 2.5 அடியில் வரட்டும். பக்கமேசையின் உயரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள், அதன் பின்னால் பெட்டி மறைந்துபோன வீடுகள் நிறைய. எலக்ட்ரீஷியன்கள் பாயின்ட் கணக்கில்தான் கூலி பேசுவார்கள், டூ-வே என்றால் கூடுதலாகக் கேட்பார்கள். முதலிலேயே எண்ணிப் பேசிவிட்டால் பின்னால் மனஸ்தாபம் இல்லை.

விளக்கை அணைத்த பிறகும் எல்இடி மினுக் மினுக்கென்று லேசாக எரிகிறதா? பேய் இல்லை. கரண்ட் வரும் பேஸ் வயரை வெட்டவேண்டிய சுவிட்ச், அது திரும்பிப்போகும் நியூட்ரலை வெட்டுகிறது, அல்லது சுவிட்சில் இருக்கும் குட்டி சிவப்பு இண்டிகேட்டர் வழியே கொஞ்சம் கரண்ட் கசிகிறது. முதலாவது ஆபத்து; சுவிட்சை அணைத்தாலும் ஹோல்டரில் கரண்ட் இருக்கும். அதை உடனே சரிசெய்யச் சொல்லுங்கள். நீங்களே பிரிக்கவேண்டாம், மெயினை அணைத்துவிட்டு அவர் செய்யட்டும்.

வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க டிம்மர் வைக்கலாம். ஆனால் ஃபேன் ரெகுலேட்டரை விளக்குக்கு மாட்டிவிடுகிற கெட்டிக்காரர்களும் இருக்கிறார்கள், விடாதீர்கள். பல்பு பெட்டியில் 'டிம்மபிள்' என்று போட்டிருக்கவேண்டும், டிம்மரும் எல்இடிக்கானதாக இருக்கவேண்டும். இல்லையென்றால் ரீங்காரமும் துடிப்பும்தான் மிச்சம். ஸ்மார்ட் பல்பு போட்டால் இந்தத் தலைவலி கிடையாது, வேறொன்று உண்டு: ராத்திரி கரண்ட் போய்த் திரும்பி வரும்போது பல ஸ்மார்ட் பல்புகள் முழு வெளிச்சத்தில் தானாக எரியும். இரண்டு மணிக்கு அறையே கல்யாண வீடாகிவிடும். கரண்ட் வந்தால் பழைய நிலைக்கே திரும்பு என்று ஒரு செட்டிங் பலவற்றில் இருக்கிறது, மாட்டிய அன்றே அதை மாற்றிவிடுங்கள். அப்புறம், இன்வெர்ட்டர் இருந்தால் தலைமாட்டு விளக்கும் ஃபேனும் அந்த லைனில் இருக்கின்றனவா என்று கேளுங்கள். பெரும்பாலும் பெரிய விளக்கை மட்டும் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

புதிதாகச் சுவரை வெட்டிப் பைப் பதிக்கிறவர்களுக்கு ஒன்று. பூசுவதற்கு முன், டேப்பை விரித்துப் பிடித்துக்கொண்டு நாலு சுவரையும் போட்டோ எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒருநாள் படம் மாட்ட ஆணி அடிக்கும்போது தெரியும் அதன் அருமை.

வாடகை வீட்டில்

ஆணி அடிக்கவே ஓனர் யோசிப்பார், சுவரை வெட்ட விடுவாரா. பரவாயில்லை, பாதிக்கு மேல் இங்கேயும் நடக்கும். இருக்கிற பேட்டனைக் கழற்றி லாஃப்ட்டில் போட்டுவிட்டு உங்களுடையதை மாட்டுங்கள். காலி செய்யும்போது பழையதைத் திரும்ப மாட்டிவிடலாம். பிளக்கில் செருகும் மேசைவிளக்கு ஒன்று, வார்ட்ரோப் தலையில் ஒரு ஸ்ட்ரிப், பிளக்கிலேயே செருகும் ஆம்பர் ராத்திரி விளக்கு, அவ்வளவுதான் தேவை. பல்பு வாங்கும்போது அடியைப் பாருங்கள். வீட்டு ஹோல்டர்கள் பெரும்பாலும் பின் ரகம், பி22. மேசைவிளக்குகளில் திருகு ரகம், ஈ27 அதிகம். மாற்றி வாங்கிவந்து முழிப்பது எல்லோருக்கும் ஒருமுறையாவது நடக்கும். எக்ஸ்டென்ஷன் வயரை மிதியடிக்கோ மெத்தைக்கோ அடியில் ஓட்டாதீர்கள். வெளிச்சத்தைக் குறைக்கப் பல்பின் மேல் துணியைப் போர்த்துவதும் வேண்டாம்.

மொத்தமாக வாங்குவதற்கு முன்

2700, 4000, 6500 கெல்வினில் தலா ஒரு 9 வாட் பல்பு வாங்குங்கள். ஒன்று 100 ரூபாயை ஒட்டித்தான் வரும். மூன்று இரவு, இரவுக்கு ஒன்றாக உங்கள் அறையிலேயே மாட்டிப் பாருங்கள். கடையில் நூறு விளக்குகளுக்கு நடுவே பார்த்து எடுத்த முடிவும் இந்த முடிவும் ஒன்றாக இருப்பது அபூர்வம். கிரீம் கலர் சுவர் வாம் ஒயிட்டில் அழுக்கு மஞ்சளாகத் தெரிந்தால் பெயின்ட்டை மாற்றலாமா என்பதையும் இப்போதே யோசித்துவிடலாம்.

வேலை முடிந்து எலக்ட்ரீஷியன் மீதிப் பணத்துக்கு நிற்கும்போது பகலாக இருந்தால், சாயங்காலம் வரச் சொல்லுங்கள். இருட்டியதும் கட்டிலில், கட்டில் இன்னும் வரவில்லை என்றால் பாயில், மல்லாந்து படுத்துக்கொண்டு ஒவ்வொரு விளக்காகப் போடச் சொல்லுங்கள். இடப்பக்கம் ஒருமுறை, வலப்பக்கம் ஒருமுறை புரளுங்கள். ஃபேனை ஓடவிட்டுப் பாருங்கள். கண்ணில் பல்பு தெரிந்தால் அங்கேயே சொல்லி மாற்றவையுங்கள். அவர் ஒருமாதிரியாகப் பார்ப்பார். பார்க்கட்டும், ராத்திரி அங்கே படுக்கப்போவது நீங்கள்தானே.